அளிக்காதே

நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். இது என் வீட்டில், பட்டப்பகலில் நடந்தது.

போன வருடம் இறந்த என் மாமனார் அச்சகத்தில் பிழை திருத்துபவர். வீட்டில்கூடப் புத்தகத் தமிழ்தான் பேசுவார். அவருடைய லேப்டாப்பை என் அண்ணன் மகளுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தேன். கட்டிடக்கலை படிக்கப் போகிறாள், அப்படி வரைவாள். தருவதற்கு முன் உள்ளே இருந்த குப்பையை அள்ள உட்கார்ந்தேன். 'திருத்தியது', 'கடைசித் திருத்தம்', 'உண்மையாகவே கடைசித் திருத்தம்'... மனிதர் எதையுமே தூக்கிப் போட்டதில்லை.

லேப்டாப் மேசையில் சரியாக உட்காரவில்லை. தட்டும்போதெல்லாம் டக்... டக்... என்று ஆடியது. அடியில் ஓர் அட்டையை மடித்து வைத்தேன்.

எல்லாவற்றுக்கும் கீழே ஒரு ஃபோல்டர். பெயர், 'அளிக்காதே'.

சிரிப்பு வந்தது. என் வீட்டுக்காரர் வேலைதான். வாழைப்பழத்தை 'வாளைப்பளம்' என்று எழுதும் மகானுபாவர். 'அழிக்காதே' என்று சொல்ல வந்திருக்கிறார். எதை அழிக்கக் கூடாதாம்? திறந்தேன். காலி. சந்தேகம் தட்டியது. ஆபீசுக்குப் போன் போட்டேன்.

"அப்பா லேப்டாப்ல என்னத்த ஒளிச்சு வச்சீங்க?"

"நானா? அதோட பாஸ்வேர்டு உனக்கு மட்டும்தானே தெரியும்!"

நான் நம்பவில்லை. அழித்தேன். தண்ணீர் குடித்துவிட்டு வந்தால்... அதே இடம், அதே பெயர்.

ஆபீசிலிருந்தே விளையாடுகிறாரா? இன்டர்நெட் இணைப்பே இல்லையே.

மறுபடி அழித்தேன். கண்ணை எடுக்கவில்லை.

என் கண்ணெதிரே, எழுத்து எழுத்தாக... அ... ளி... க்... கா... தே.

டக்... டக்...

என் கை மடியில் இருந்தது.

பட்டென்று மூடினேன். இது வீட்டை விட்டுத் தொலைந்தால் போதும் என்றிருந்தது. மறுநாளே அண்ணன் வந்து வாங்கிப் போனான்.

அடுத்த வாரம் அது அண்ணன் மகள் கையில் வெடித்துத் தீப்பிடித்தது. பேட்டரி உப்பியிருந்ததாம். மேசையில் ஆடியது அதனால்தான். உயிர் பிழைத்தாள். வலது கை இனி பென்சில் பிடிக்காது என்றார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"அப்பா எழுத்துப்பிழை விட்டு நீ பாத்திருக்கியா? அளிக்காதேன்னா... குடுக்காதேன்னு அர்த்தம்."

வீட்டுக்கு வந்து என் சொந்தக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். திரையில் ஒரு புது ஃபோல்டர்.

'அழித்துவிட்டாய்.'

அதிலும் பிழை இல்லை.