பெங்காலி கொடியில பூத்த பூ

துபாய்ல ஒரு அரபி வீட்டுல எனக்கு தோட்ட வேலை. அங்க செடிக்குன்னே ஒரு கண்ணாடி ரூம் உண்டு. மனுசன் வெளிய வெயில்ல வேகுறான், உள்ள கொடிக்கு ஏசி ஓடுது. மேடம் எங்கேருந்தோ ரெண்டு கொடி கொண்டாந்தாங்க. பூ மெழுகுல செஞ்ச மாதிரி கொத்துக் கொத்தா இருக்கும். ஒண்ணு என் பொறுப்பு, இன்னொண்ணு கூட வேலை பாத்த பெங்காலிக்கு.

முதல்ல பூத்தது என்னோடதுதான். பூ உதுந்ததும் காம்பையெல்லாம் நறுக்கிட்டேன். ஊர்ல மல்லிகைக்கு கவாத்து பண்ணிப் பழகுன கை, சும்மா இருக்குமா? அடுத்து அவன் கொடியும் பூத்து உதுந்துச்சு. அவன் சோம்பேறி. மொட்டைக் காம்பை அப்படியே விட்டுட்டான்.

கொஞ்ச நாள்ல அவன் கொடி மறுபடி பூத்துச்சு. என்னுது வெறும் இலை. மேடம் அவன் பக்கமே நின்னு "ஜைன், ஜைன்"னு அரபியில பாராட்டுனாங்க. என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல. லீவு நாள்ல கராமாவுக்குப் போய் பிரியாணி வாங்கியும் எனக்கு இறங்கல.

"என்ன உரம் போட்ட பாய்?"னு கேட்டேன்.

"ஒண்ணுமில்ல சாச்சா, தண்ணிதான்."

கிட்டப் போய்ப் பாத்தேன். பழைய காம்பு நுனியிலதான் புது மொட்டு வந்திருக்கு. நான் வெட்டிப் போட்டது என்னன்னு அப்பதான் புரிஞ்சுது.

அந்தப் பூவும் உதுந்துச்சு. "காம்பு காஞ்சு அசிங்கமா கிடக்கு, மேடம் திட்டப் போறாங்க. நறுக்கிடு"ன்னேன்.

"அச்சா சாச்சா"ன்னான். பெரியவன் சொன்னா கேக்குற பய. கத்திரியக் குடுத்தேன். அவன் நறுக்க நறுக்க, "மேல ஒண்ணு விட்டுப்போச்சு பாரு"ன்னு நானே காட்டிக் குடுத்தேன்.