ஃப்ளோரின் ஒடுக்கிய கோணம்

1963-இல், இருபத்தாறு வயதில், பொன்னமராவதியைச் சேர்ந்த அமராவதிக்குப் புதுக்கோட்டைக் கல்லூரி ஒன்றின் வேதியியல் ஆய்வகத்தில் செய்முறை சொல்லிக்கொடுக்கும் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை கிடைத்தது. அவளுக்கு முன் அங்கிருந்த செபமாலை சார் முந்தின ஆண்டுதான் காய்ச்சலில் இறந்திருந்தார்.

வகுப்புக்காகக் களிமண்ணில் மாதிரிகள் செய்தாள். நைட்ரஜன் உருண்டையில் மூன்று மூங்கில் குச்சிகள், நுனிகளில் சிறிய ஹைட்ரஜன்கள். முக்காலிபோல மேசையில் நின்ற அது அம்மோனியா. குச்சிகளுக்கு இடையே நூற்றேழு டிகிரி. ஹைட்ரஜனுக்குப் பதில் பெரிய ஃப்ளோரின்கள் வைத்து இன்னொன்றும் செய்தாள். அதன் கோணம் அவளிடமிருந்த புத்தகத்தில் இல்லை. பெரிய அணுக்கள் இடித்துக்கொண்டு விலகும் என்று எண்ணி நூற்றுப்பத்து வைத்தாள்.

காலையில் பூட்டைத் திறந்தபோது அம்மோனியா அப்படியே இருந்தது. மற்றதன் கால்கள் உள்ளே ஒடுங்கியிருந்தன. அளந்தாள். நூற்றிரண்டு. பாரத்தில் கால்கள் அகலலாம், ஒடுங்காது.

உதவியாளர் ராக்கனைக் கேட்டாள்.

"சாவி ஒங்ககிட்டதானே இருந்துச்சு," என்றார் அவர். பிறகு மேசையைப் பார்க்காமலே, "செபமாலை சாருக்குத் தப்பான கோணம் கண்ணுல படக்கூடாதுங்க. கை தானாப் போயிரும்."

சனிக்கிழமை திருச்சி நூலகத்தில் தேடினாள். நூற்றிரண்டு என்றே இருந்தது. ஃப்ளோரின் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுப்பதால், நைட்ரஜன் அருகே பிணைப்பு எலக்ட்ரான் ஜோடிகள் ஒன்றையொன்று தள்ளுவது குறைகிறது. பிணைப்பில் சேராத தனி ஜோடி அவற்றை நெருக்கிவிடுகிறது.

திங்கள் மதியம் பாஸ்பரஸுக்கு ஒரு களிமண் உருண்டை பிடித்தாள். ஹைட்ரஜனோடு அதன் கோணம் தொண்ணூற்று மூன்று. ஃப்ளோரின் வந்தால் இன்னும் குறையும் என்று எண்பத்தெட்டு வைத்து, எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எதுவும் அசையவில்லை. எழுந்துபோய்க் குழாயில் கை கழுவித் திரும்பினாள்.

குச்சிகள் விரிந்திருந்தன. ஏறக்குறைய நூறு. பாஸ்பரஸ் உருண்டையில் ஈரமாக ஓர் அகலமான கட்டைவிரல் தடம். தன் விரலை அதில் வைத்தாள். நிறையவில்லை.

அடுத்த முறை திருச்சி போனபோதுதான் காரணம் கிடைத்தது. பாஸ்பரஸுக்கு ஃப்ளோரின் தன் எலக்ட்ரான்களில் கொஞ்சம் திருப்பித் தருகிறது. பிணைப்புகள் பருத்து ஒன்றையொன்று கூடுதலாகத் தள்ள, கோணம் அகல்கிறது.

"எந்த அணு வந்து ஒட்டுதுன்னு மட்டும் பாக்காதீங்க, எதுல ஒட்டுதுன்னும் பாருங்க," என்று மாணவர்களிடம் சொன்னாள்.

அந்த வேலையை அவள் விடவில்லை. மாலையில் கிளம்பும்போது, காலியான அறையைப் பார்த்து, "போயிட்டு வாரேன் சார்," என்பாள். பூட்டோடு நிற்கும் ராக்கன் உடனே கதவைச் சாத்தமாட்டார்.