சாம்பல் நிறக் காரின் நிறையும் குறையும்

ஐங்கரத்தான் அடியிணை முன்னிற்க. அவனுக்கு இளையோன் வேல் துணை நிற்க. பொருள் விளங்காத வயதில் கண்டதை, பொருள் விளங்கிய வயதில் பிழையறச் சொல்ல என் நாவுக்கு நல்வழி அருளுக.

அன்று தை மாதத்து வளர்பிறைப் பஞ்சமி, வியாழக்கிழமை, உத்தரட்டாதி கூடிய நன்னாள். ஒன்றரை மணிக்கு இராகுகாலம் பிறக்குமுன் காரைப் பார்த்து முடித்துவிட வேண்டும் என்று அப்பா விதித்திருந்தார். கொழும்பு வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் எங்கள் ஒழுங்கையில் அது நின்றது. சாம்பல் நிறம், இரண்டே கதவுகள், பின்புறம் கண்ணாடியோடு சேர்ந்து மேல்நோக்கித் திறக்கும் யப்பானியச் சிறு கார்.

அந்தக் காரைப் பொறுத்தே எங்கள் குடும்பம் ஓரிடத்தில் இருப்பதும் இரண்டாகப் பிரிவதும் இருந்தன. தமிழரைத் தேடித் தாக்கிய முந்தின கலவரத்தில் நாங்கள் கால்நடையாக ஓடி, முகாமில் தங்கி, கப்பலேறி யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தவர்கள். அப்பா உத்தியோகத்துக்காகக் கொழும்புக்குத் திரும்பிவிட்டார். நெடுநாள் மறுத்திருந்த அம்மா ஒரு நிபந்தனையோடுதான் எங்களைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். தன் மனம் ஒப்பும் வண்டி ஒன்று வாசலில் நிற்க வேண்டும். இல்லையேல் மாசி பிறக்குமுன் பிள்ளைகளோடு மறுபடி யாழ்ப்பாணம். எனக்கு ஒன்பது வயது. அப்பா இல்லாத வீட்டில் இன்னொருமுறை இருப்பதற்கு எனக்குக் கொஞ்சமும் விருப்பமில்லை. கார் தேற வேண்டும் என்பதே என் வேண்டுதல்.

கையெழுத்து அழகென்பதால் என்னை எழுத்தராக அமர்த்தினார்கள். கொப்பித் தாளின் நடுவே கோடிட்டு ஒருபுறம் ‘நிறை’ என்றும் மறுபுறம் ‘குறை’ என்றும் எழுதிக்கொண்டு படியில் அமர்ந்தேன். சோதிப்பவர் மாமா, அம்மாவின் தமையனார். சொந்தமாக வண்டி வைத்திருந்ததில்லை. ஆயினும் கொட்டாஞ்சேனையில் வண்டி திருத்தும் ஒரு கராச்சுக்கு எதிர்வீட்டில் குடியிருந்தமையால் அத்துறையில் பண்டிதரென்று எங்கள் வீட்டில் ஒப்புக்கொள்ளப்பட்டவர். அவர் எண்ணெய்க் கம்பியை உருவி முகர்ந்தார்; சக்கரத்தை உதைத்தார்; கண்மூடி இயந்திரத்தின் ஒலியை ஏதோ இராகத்தைக் கேட்பதுபோலக் கேட்டார்.

மாமா சொல்வதை நான் எழுதுவதும், அம்மா சொல்வதைக் கேட்டு அதை வெட்டுவதுமாகத் தாள் விரைவில் அலங்கோலமாயிற்று. நிறம் மங்கிக் கிடக்கிறது, குறை என்றார் மாமா. ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், ஆகையால் நிறை என்றார் அம்மா. நாற்புறமும் பெரிய கண்ணாடி, நல்ல காற்றோட்டம், நிறை என்றார் மாமா. உள்ளே இருப்பவர் எவரென்று வெளியே தெரியும், குறை என்றார் அம்மா. எவ்வளவு வேகம் ஓடும் என்பதை அம்மா கேட்கவே இல்லை. திறப்பைப் போட்டுத் திருகியவுடன் இயந்திரம் உயிர்க்கிறதா என்பதை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பத்துமுறை பார்த்தார். பதிகங்களைப் பொருளறியாது மனனம் செய்து பழகியவள் நான். அவற்றிலாவது எது புகழ்ச்சி, எது முறையீடு என்று ஓசையால் உணர்ந்துகொள்வேன். இங்கு அதுவும் இயலவில்லை.

காரை விற்க வந்தவர் கொம்பனித்தெருவைச் சேர்ந்த முஸ்லிம் முதியவர். நாங்கள் எல்லோரும் அவரை நானா என்றே அழைத்தோம். அம்மா அவரிடம் ஒரு கேள்வி கேட்டார்.

“நானா, இந்தப் பின்கதவை உள்ளுக்குள்ளை இருந்து திறக்கேலுமோ?”

நானா சிரித்தார். “அது சாமான் வெக்கிற எடம் தானே தங்கச்சி. சாமான் என்ன, தானா எறங்கியா போகப் போகுது?”

அம்மா சிரிக்கவில்லை. என்னையும் அக்காவையும் பின்னாசனத்தில் ஏற்றி, தானும் ஏறிக்கொண்டார். அப்பாவையும் மாமாவையும் வெளியே இருபுறமும் நின்று, முன்கதவுகள் இரண்டையும் திறக்க முடியாதபடி அழுத்திப் பிடிக்கச் சொன்னார். மாமாவுக்கு இது பிடிக்கவில்லை.

“உனக்கென்ன விசரே? சனம் பாக்குது.”

“பிடியுங்கோ அண்ணை.”

பிடித்தார்கள். அம்மா ஆசனத்தின் முதுகை மடித்து, பின்கதவை உள்ளிருந்து தள்ளினார், தோளால் முட்டினார், விரல் நுழைய இடம் தேடித் தடவினார். கதவு அசையவில்லை. எனக்கோ இது புதுவிளையாட்டு. கண்ணாடிக்கு அப்பால் நின்ற மாமாவுக்கு நாக்கை நீட்டிக் காட்டினேன். அம்மாவின் மேலுதட்டில் வியர்வை அரும்பியிருந்தது. போதும், திறவுங்கள் என்று அவர் சொன்ன குரல் விளையாட்டுக்குரியதாக இல்லை.

இறங்கி வந்தவர், கார் வேண்டாம் என்றார். அப்பாவின் முகம் வாடியது. நான் அழ ஆயத்தமானேன்.

நானா அம்மாவைப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. பிறகு முன்னாசனத்தின் கீழிருந்து திருப்புளியை எடுத்து, பின்கதவின் உட்புற அட்டையைக் கழற்றி, பூட்டின் நாக்கில் ஒரு துண்டு சைக்கிள் பிரேக் கம்பியைக் கொளுவி, அதன் நுனியைச் சின்ன வளையமாக வளைத்தார்.

“இப்ப இழுத்துப் பாருங்க, தங்கச்சி.”

மறுபடியும் ஏறினோம், கதவுகள் பிடிக்கப்பட்டன. அம்மா வளையத்தை இழுத்தார். பின்கதவு வானத்தைப் பார்க்க எழுந்தது. நான் முதலில் குதித்தேன், அடுத்து அக்கா, கடைசியாகச் சேலையைச் செருகிக்கொண்டு அம்மா. இருபது எண்ணுமுன் மூவரும் தெருவில் நின்றோம். எனக்கு நிலைகொள்ளாத மகிழ்ச்சி.

“அப்பா, இனி உங்கடை முறை.”

அப்பா சாரதி ஆசனத்தில் ஏறி அமர்ந்து, அங்கிருந்து பின்னுக்கு வர முயன்றார். வயிறு இரு ஆசனங்களுக்கும் நடுவே இறுகிக்கொண்டது. நானும் அக்காவும் கைகொட்டிச் சிரித்தோம்; மாமாவும் சிரித்தார். அப்பா தம்மை மெல்ல விடுவித்துக்கொண்டு, சட்டையை நீவிவிட்டு, நாளைய சமையலைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்:

“எனக்கு உது தேவையில்லை. நான் முன்னாலை இறங்கி அவையளோடை கதைச்சுக்கொண்டு நிப்பன். எனக்குச் சிங்களம் நல்லா வரும்தானே. நீங்கள் அதுக்கிடையிலை பின்னாலை இறங்கிப் போயிடுங்கோ.”

மாமாவின் சிரிப்பு நின்றது. ‘அவையள்’ என்றால் எவர்கள் என்று கேட்டேன். அப்பாவால் பின்னால் இறங்க முடியாது என்பதைக் குறையில் எழுதவா, சிங்களம் வரும் என்பதை நிறையில் எழுதவா என்றும் கேட்டேன். மாமா தாளை என் கையிலிருந்து வாங்கி நாலாக மடித்துத் தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அம்மா அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“சரி, வாங்குவம்,” என்றார்.

சொல்லிவிட்டு விறுவிறென்று உள்ளே போய்விட்டார். ஓடிப்போய்ப் பார்த்தேன். குசினிச் சுவரில் நெற்றியை வைத்து அழுதுகொண்டிருந்தார். கார் வாங்கியதற்கு ஒருவர் ஏன் அழவேண்டும்? எனக்குத் தெரிந்த ஆறுதலை நான் சொன்னேன்.

“அழாதேங்கோ அம்மா. இனி நாங்கள் அப்பாவை விட்டிட்டுப் போகத் தேவையில்லைத்தானே.”

அவர் முன்னிலும் பெரிதாக அழுதார். நான் சொன்னதில் என்ன பிழை என்று தெரியாமல் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி நின்றேன்.

இதை வாசிக்கும் அன்பர் யாவரும், வண்டி எதுவாயினும், முன்கதவாலேயே இறங்கி, ஒருவரும் குறையாமல் ஒருங்கே வீடு புகுந்து, நீடு வாழ்வாராக.