மாணிக்கம்மாள் கொண்டுவரும் சேதி

"வீரம்மாவுக்குக் காச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல சார். அவங்கப்பாவுக்கு நைட் ஷிப்டு. பகல்ல தூங்குறாரு. கைக்கொழந்த அழுதா எழுந்து வந்து அடிக்கிறாரு. அதான் இந்தப் பொண்ணு கொழந்தையத் தூக்கிக்கினு ரோட்டோர மரத்தடியில ஒக்காந்துகினு இருக்குது. அம்மாக்காரி காச்சல்னு சொல்லச் சொன்னா. அதையும் சொல்லிட்டேன். எழுதிக்குங்க."

என் மேசை முன்னால் நின்று மூச்சுவிடாமல் இவ்வளவையும் ஒப்பித்துவிட்டு, மாணிக்கம்மாள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொள்கிறார். நெய்வேலி டவுன்ஷிப்பில் பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் நான் குமாஸ்தா. அவர் அங்கே ஆயா. மூன்று நாள் தொடர்ந்து வராத பெண்ணின் வீட்டுக்கு நான்காம் நாள் ஆள் அனுப்புவது எங்கள் பள்ளியில் வழக்கம். அந்த ஆள் மாணிக்கம்மாள்.

வயது ஐம்பத்திரண்டோ மூன்றோ. கறுத்து மெலிந்த உடம்பு, வேகமான நடை. மைன்ஸுக்காக எடுத்துக்கொண்ட கிராமங்களில் ஒன்றைச் சேர்ந்தவர். கணவர் வேணு காண்ட்ராக்டில் மண் வேலைக்குப் போனவர்; பர்மனென்ட் ஆவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. டவுன்ஷிப்பின் நீள நீளமான தெருக்களில் எந்த பிளாக்கில் எத்தனையாவது குவார்ட்டர்ஸில் எந்த வகுப்புப் பெண் இருக்கிறாள் என்பது எங்கள் வருகைப் பதிவேட்டைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

எழுதப் படிக்கத் தெரியாது. வீடுகளுக்கு அனுப்பும் தாள் எதுவானாலும் என்னை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். மூன்றாம் முறை அவரே திருப்பிச் சொல்லுவார். ஒரு சொல் பிசகாது. பிறகு மடிப்பார். பெற்றோர் கூட்டத்துக்கான தாள் என்றால் இரண்டாக, உதவித்தொகைத் தாள் என்றால் நான்காக. வராத பெண்ணுக்கான சீட்டைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொள்வார். போகிற வீட்டில் முதலில் நான் எழுதிய தமிழையே சொல்லுவார். அப்புறம் அதை அவிழ்ப்பார். "'தக்க சான்றுகளுடன் நேரில் வரவும்'னு போட்டுருக்குது. அதாவது, ரேஷன் கார்டு, தாசில்தாரு குடுத்த பேப்பரு ரெண்டையும் எடுத்துக்கினு நாளைக்குப் பத்து மணிக்கு வந்துடுங்க. வெறுங்கையா வந்தீங்கன்னா எங்க சாரு திருப்பி அனுப்பிச்சிடுவாரு. நல்லவருதான். ஆனா அனுப்பிச்சிடுவாரு."

முன்வாசல் வழியாக அவர் போவதே இல்லை. குவார்ட்டர்ஸுகளுக்குப் பின்னால் ஓடும் சந்து வழியாகப் போய்த் தோட்டத்துக் கதவைத் தட்டுவார். "முன்னால போனா ஆம்பளைங்க வந்து 'வருவா, போ'ன்னுடுவாங்க. பின்னால போனா அடுப்பாண்ட யார் நிக்கிறான்னு பாத்துடலாம்ல" என்பார். எந்த வீட்டிலும் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். ஒரு வீட்டில் குடித்தால் எல்லா வீட்டிலும் குடிக்க வேண்டி வருமாம்.

இவரிடம் ஒரு ரகசியமும் தங்காது. பின்கட்டில் ஒரு தாய் அழுதுகொண்டே சொன்னதை அரை மணி நேரத்தில் அப்படியே ஆபீசில் வந்து கொட்டிவிடுவார். ஆசிரியைகளில் சிலருக்கு இது பிடிப்பதில்லை. 'டவுன்ஷிப் ரேடியோ' என்று பெயர்கூட வைத்திருக்கிறார்கள். போன வருடம் ஒரு பெண் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு மேட்னி பார்க்கப் போனதை இவர் சொல்லப்போய், விஷயம் தகப்பனார் காதுக்கு எட்டி, அந்தப் பெண் முதுகில் பெல்ட் தழும்போடு வந்தாள். மாணிக்கம்மாள் அன்று சாப்பிடவில்லை. ஆனால் அடுத்த நான்காம் நாளுக்கான சீட்டை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

முன்பு அவர் இப்படி இருந்தவர் இல்லை.

எண்பத்து மூன்றாம் வருடம் ஐப்பசி மாதம் பத்தாம் வகுப்பில் கோமதி என்ற பெண் நாலு நாள் வரவில்லை. கணக்கில் கெட்டிக்காரி. ஆசிரியை கரும்பலகையில் தப்பாகப் போட்டால் எழுந்து நின்று சொல்லும் பெண். அப்பா இசக்கிமுத்து சங்கரன்கோவில் பக்கத்துக்காரர், மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டில் வேலை. அம்மா பேச்சியம்மாள். கோமதிக்குப் பிறகு முப்பிடாதி என்று ஒரு சின்னப் பெண். அப்போது ஒன்பது வயது.

மாணிக்கம்மாள் பின்கதவைத் தட்டியபோது கோமதி அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தாள். தாய் படியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மகளைக் கடைக்கு அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தினார்.

"ஆயா, ஒங்கள எங்கம்மாவா நெனச்சுச் சொல்லுதேன். நெஞ்சுல ஒரு கட்டி. ஆவணியில நெல்லிக்காய் கணக்கா இருந்துச்சு. இப்பப் பாருங்க" என்று சேலையை விலக்கினார்.

பிற்பாடு மாணிக்கம்மாள் என்னிடம் சொன்னார்: "கல்லு மாரி இருந்துச்சு சார். தொட்டா அசையல."

அன்று அவர் பேச்சியம்மாளிடம், "இங்கயே ஆஸ்பத்திரி இருக்குதேம்மா. ஒங்களுக்குக் காசுகூடக் கெடையாது. கெளம்புங்க, நான் கூட வரேன்" என்று கெஞ்சியிருக்கிறார்.

"அங்க ஆம்பளை டாக்டருல்லா பாப்பாக? எங்க வீட்டுக்காரவுகளுக்கே நான் காட்டல. பொங்கல் கழிஞ்சு ஊருக்குப் போயி மருந்து வச்சுக் கட்டிக்கிடுதேன். கோமதிகிட்டக் கை வலின்னுதான் சொல்லிருக்கு. ரெண்டு பொம்பளப் பிள்ளைக ஆயா. தாய்க்கு இப்பிடி நோவுன்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கு யாரு வந்து கேப்பா? பள்ளிக்கூடத்துல காச்சல்னு சொல்லிருங்க."

சொன்னதோடு நிற்கவில்லை. உள்ளே விளையாடிக்கொண்டிருந்த முப்பிடாதியைக் கூப்பிட்டு, அவள் தலையில் மாணிக்கம்மாளின் கையை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

மாணிக்கம்மாள் வந்து "காச்சல் சார்" என்றார். நான் 'காய்ச்சல்' என்று எழுதினேன்.

அதன்பிறகு கோமதி இரண்டு நாள் வருவாள், நாலு நாள் வரமாட்டாள். ஒவ்வொரு முறையும் மாணிக்கம்மாள் போய்வந்தார். ஒவ்வொரு முறையும் காய்ச்சல். ஒருநாள்கூட நான் தலை நிமிர்ந்து, இது என்ன காய்ச்சல் ஆயா என்று கேட்டதில்லை. அந்தப் பதிவேடு இப்போதும் எங்கள் பீரோவில் இருக்கிறது. கார்த்திகை முடிவதற்குள் ஏழு இடத்தில் என் கையெழுத்தில் காய்ச்சல்.

அரையாண்டுத் தேர்வுக்கு அவள் வரவில்லை. மார்கழியில் தலைமையாசிரியை ஒரு சுற்றறிக்கை தயார் செய்யச் சொன்னார். வருகை நாட்கள் குறைந்த பத்தாம் வகுப்பு மாணவிகளின் வீட்டில் நோயோ வேறு கஷ்டமோ இருந்தால் பெற்றோர் எழுதித் தரலாம்; மேலிடத்துக்கு எழுதிச் சலுகை கேட்கப்படும்; விடுபட்ட பாடங்களைச் சாயங்காலம் தனியாகச் சொல்லித்தர ஆசிரியைகள் தயார். ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் மெஷினில் உருட்டிப் பிரதி எடுத்தவன் நான்தான். மாணிக்கம்மாள் வழக்கத்துக்கு மாறாக அதை நாலு முறை வாசிக்கச் சொன்னார். எனக்கு அது கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

பேச்சியம்மாளின் பின்வாசலில் நின்று அதை அவர் இரண்டு தரம் ஒப்பித்திருக்கிறார். "வூட்டுல நோவுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும்மா. பொண்ணு பரிச்ச எழுதிடும்."

"எழுதிக் குடுத்தா என்ன நோவு, யாருக்குன்னு கேக்க மாட்டாகளா?" என்று சொல்லி, பேச்சியம்மாள் தாளை அடுப்புக்குள் தள்ளிவிட்டார். மாணிக்கம்மாள் அது எரிந்து முடிகிறவரை பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

பொங்கல் கழிந்து பொதுத்தேர்வு எழுதுவோர் பட்டியல் மேலிடத்துக்குப் போயிற்று. கோமதியின் பெயர் அதில் இல்லை. தண்ணீர்ப் பானை கொண்டுவந்த மாணிக்கம்மாளிடம் நான் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன்.

"இல்லன்னா? அப்புறமாச் சேக்க முடியாதா சார்?"

"போயிடுச்சு ஆயா. இனிமே முடியாது."

பானையை இறக்கி வைத்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அங்கே உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். கட்டி, சத்தியம், அடுப்பில் எரிந்த தாள் எல்லாவற்றையும். சொல்லும்போது அழவில்லை. கையை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் போய்ச் சொன்னதைக் கேட்ட உடனே தலைமையாசிரியை குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மாணிக்கம்மாளையும் அழைத்துக்கொண்டு, அவர் காட்டிய பின்வாசல் வழியாகவே அந்த வீட்டுக்குப் போய், அன்று மதியமே பேச்சியம்மாளை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அங்கே பார்த்தவர் ஒரு பெண் டாக்டர்.

"எத்தனை மாசமா இருக்கு?" என்று மட்டும் கேட்டாராம்.

"ஆவணியிலருந்து" என்று பேச்சியம்மாள் சொன்னதும், டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டாராம்.

மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். மாசி மாதம் அங்கிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். பங்குனியில், பத்தாம் வகுப்புப் பரீட்சை தொடங்கிய அந்த வாரம், பேச்சியம்மாள் இறந்துபோனார். தலைமையாசிரியை பட்டியல் விஷயமாக மூன்று கடிதம் போட்டிருந்தார். பட்டியலைத் திருத்த இயலாது, மாணவி தனித்தேர்வராக எழுதலாம் என்று பதில் வந்தது.

துக்கத்துக்கு நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். பள்ளி வேலையாக இல்லாமல் மாணிக்கம்மாள் அந்த வீட்டுக்குப் போனது அன்றுதான். முன்வாசல் வழியாகப் போனதும் அன்றுதான். பந்தலுக்கு வெளியே நின்றிருந்த இசக்கிமுத்து அவரைப் பார்த்ததும் அருகில் வந்தார். நல்ல உயரமான மனிதர். குனிந்து, ரொம்ப மெல்லக் கேட்டார்.

"ஒரே வீட்டுல இருந்திருக்கேன், எனக்குத் தெரியல. ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதா ஆயா?"

மாணிக்கம்மாள் சத்தியத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. திரும்பி வரும்போது மட்டும் என்னிடம் சொன்னார்: "அந்தாளு நாலு கெட்ட வார்த்தை திட்டியிருந்தாக்கூடத் தேவல சார்."

செப்டம்பர் பரீட்சைக்குத் தனித்தேர்வர் விண்ணப்பத்தை நானே நிரப்பிக் கொடுத்தேன். கையெழுத்து மட்டும் வாங்க வேண்டும். மாணிக்கம்மாள் கொண்டுபோனார். சாயங்காலம் அதே தாளோடு திரும்பி வந்தார்.

"'அப்பாவுக்கு வாரத்துக்கு ஒரு ஷிப்டு ஆயா, யாரு சமைக்கிறது? தங்கச்சி படிக்கட்டும்'ன்னுது சார். சொல்லிட்டு உள்ள போயி அரிசி கெளைய ஆரம்பிச்சிடுச்சு. நான் கொஞ்ச நேரம் நின்னுகினு இருந்தேன். அப்புறம் வந்துட்டேன்."

அடுத்த வருடமும் ஒரு விண்ணப்பம் நிரப்பினேன். அதுவும் திரும்பி வந்தது.

அதிலிருந்துதான் அவர் இப்படி. பின்கட்டில் எந்தத் தாயாவது "ஆயா, யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று ஆரம்பித்தால், "அப்டின்னா எங்கிட்டயும் சொல்லாதீங்கம்மா. சொன்னா நான் போய்ச் சொல்லிடுவேன்" என்று அங்கேயே நிறுத்திவிடுகிறார். அப்படியும் சொல்பவர்கள் சொல்கிறார்கள். சில வீடுகளில் அவர் வருவது தெரிந்தாலே பின்கதவைச் சாத்திவிடுகிறார்கள். "சாத்திக்கட்டும் சார். இன்னின்ன வூட்டுல கதவச் சாத்துனாங்கன்னு அதையும் வந்து சொல்லிடுறேன். எழுதிக்குங்க" என்கிறார். நான் எழுதிக்கொள்கிறேன். காய்ச்சல் என்று எழுதுவதற்கு முன்னால் இப்போதெல்லாம் இரண்டு கேள்வி கேட்கிறேன்.

இந்த ஜூன் மாதம் ஆறாம் வகுப்புச் சேர்க்கை நடந்துகொண்டிருந்தபோது கோமதி வந்தாள். புடவை கட்டியிருந்தாள். பதினேழு வயதுதான், இன்னும் நாலைந்து கூட்டிச் சொல்லலாம் போலிருந்தது. பக்கத்தில் புதுப் பாவாடை சட்டையில் முப்பிடாதி, இரட்டைச் சடையோடு. விண்ணப்பத்தில் தாயார் பெயர் என்ற இடத்துக்கு வந்ததும் நான் தயங்கினேன்.

"பேச்சியம்மாள், காலமாகிட்டாங்கன்னு போடுங்க சார். சேதி எதுனா இருந்தா எனக்கு அனுப்புங்க. அக்கான்னு எழுதிக்கோங்க" என்றாள்.

கையெழுத்துப் போட்டாள். பள்ளியில் படித்தபோது இருந்த அதே குண்டு குண்டான எழுத்து. நிமிர்ந்தவள், கதவோரம் நின்றுகொண்டிருந்த மாணிக்கம்மாளைப் பார்த்தாள். 

"நல்லாருக்கீங்களா ஆயா?" என்று கோமதிதான் முதலில் கேட்டாள். "இவ மூணு நாள் வரலன்னா நீங்க வீட்டுக்கு வாங்க. நான் என்ன சொன்னாலும் நம்பாதீங்க. உள்ள வந்து பாருங்க."

 மாணிக்கம்மாள் மெதுவாக முன்னால் வந்தார். முப்பிடாதியின் தோளைப் பிடித்து அப்படியே திருப்பி நிறுத்தினார். சடையில் இருந்த ரிப்பனை அவிழ்த்து, உதறி, மறுபடியும் கட்டத் தொடங்கினார். அது ஏற்கனவே சரியாகத்தான் கட்டியிருந்தது.