குசினிக்குள்ளால் போன ஒழுங்கை

நோர்வேயின் பேர்கன் நகரில் நான் குடியிருக்கும் தெருவின் நாய்க்கழிவுப் பெட்டிகூட வரைபடத்தில் இருக்கிறது. யாரோ ஒரு தொண்டர் மழைக்குள் நின்று குறித்திருக்கிறார். சம்பளமில்லாமல் சனங்கள் கூடிக் கீறும் இந்தத் திறந்த வரைபடம் எவ்வளவு சரி என்று பார்ப்பதுதான் நாற்பத்தைந்து வயதில் நான் எடுத்துக்கொண்ட படிப்பு. பகலில் வேலை, பின்னேரம் வகுப்பு. அலுத்துப்போனேன் என்பதை ஏன் ஒளிக்கவேண்டும்?

ஆய்வுக்கு ஒரு நகரத்தைத் தெரிவுசெய்யச் சொன்னார் பேராசிரியை. யாழ்ப்பாணம் என்றேன். ஏன் என்று கேட்டார். என் ஊர் என்றேன். முகம் மலர்ந்து, அப்படியானால் கோடைதோறும் போகும்போது சரிபார்க்கலாமே என்றார். இவர்களுக்கு ஊர் என்றால் விடுமுறைக்குப் போய்வரும் ஹித்தே, மலைவீடு. பன்னிரண்டு வருடமாகப் போகவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை, தலையாட்டிவிட்டு வந்தேன்.

அக்கா யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் இருக்கிறார். பதினொரு வயதில் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விட்டுப்போன காணி அது. போரில் பிடித்துவைத்திருந்த இராணுவம் திருப்பித் தந்தபோது வீடுமில்லை, வேலியுமில்லை, எல்லைக்கல்லுமில்லை. அதுவரை கோப்பாயில் வாடகைக்கு இருந்த அக்கா, எல்லையை ஒரு ஊகத்தில் மட்டுக்கட்டிக் கதியால் தடிகள் நட்டு வேலியடைத்து, சமைக்க ஒரு குசினியோடு சின்னதாக ஒரு வீடு கட்டினார். அந்தச் சந்தோஷத்தில் நான் இங்கிருந்தபடி, வரைபடத்தில் வெறுமையாகக் கிடந்த அந்த இடத்தில், எங்கள் பழைய ஒழுங்கையை, வேலிகளுக்கிடையே போன அந்தச் சின்னப் பாதையை, ஞாபகத்திலிருந்து கீறினேன். எங்களில் எத்தனை பேர் இப்படிக் கீறியிருப்பார்களோ தெரியாது.

போன கிழமை அக்கா தொலைபேசி எடுத்தார். தங்கள் காணிக்குப் போகப் பாதை கேட்டுப் பின்வளவுக்காரர் வந்து, போனில் வரைபடத்தைக் காட்டினார்களாம்.

"உந்த ஒழுங்கையை ஆர் கீறினது தம்பி? என்ரை குசினிக்குள்ளாலை போகுது."

"நான்தான். இருந்ததுதானே அக்கா."

"இருந்தது. வீடும்தான் இருந்தது. இனியும் ஒருக்கா எழும்பிப் போக என்னாலை ஏலாது. அதை அழி."

பின்வளவுக்காரருக்கும் பாதை வேண்டும்தான். அதை அவர்கள் இருந்து கதைத்துத்தான் தீர்க்கவேண்டும். ஆனால் இந்த வரைபடத்தில் இன்று நிலத்தில் உள்ளதை மட்டுமே கீறலாம். ஆய்வில் நான் தேடவிருந்த பிழையை நானே செய்திருந்தேன். வெட்கமாக இருந்தது. பேர்கனையே எடுக்கிறேன் என்று பேராசிரியைக்கு எழுதினேன். நல்ல முடிவு, நீங்கள் வாழும் ஊர்தானே என்று பதில் வந்தது.

பிறகு ஒழுங்கையை அழித்தேன். சேமிக்குமுன், இந்தத் தகவல் எங்கிருந்து கிடைத்தது என்று தளம் கேட்டது. கீறிய அன்று 'நேரில் தெரியும்' என்று யோசிக்காமல் எழுதியிருந்தேன். இம்முறை 'அங்கே இருப்பவர் சொன்னார்' என்று எழுதினேன்.