நகர்த்தக் கூடாத அலமாரி

எங்கள் அக்கா யாருக்காவது குக்கரை இரவல் கொடுத்தால்கூட, "மூணாவது விசில் சில சமயம் ஒட்டிக்கும், கரண்டியால ஒரு தட்டு தட்டணும். கைப்பிடி லூசு, பார்த்துப் பிடிங்க" என்று சொல்லித்தான் கொடுப்பாள். முப்பத்துநான்கு வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருந்தவள். டூட்டி முடிந்து கிளம்பும்போது, அடுத்து வருகிற நர்ஸோடு ஒவ்வொரு கட்டிலாக நின்று, யாருக்கு என்ன ஊசி போட்டது, யார் சாப்பிட மறுத்தது, தான் எதைச் செய்யத் தவறியது என்பது உட்பட எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டுத்தான் வர வேண்டும். ஹேண்டோவர் என்பார்கள். மற்ற நர்ஸுகளுக்கு அது வார்டு வாசலோடு முடிந்துவிடும். அக்காவுக்கு அது ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. முப்பது வயதில் ஒரு வரன் வந்தபோது, "எனக்குக் குறட்டை உண்டு, மாசத்துல பத்து நாள் நைட் டூட்டி, கோபம் வந்தா ரெண்டு நாள் பேச மாட்டேன்" என்று மாப்பிள்ளை வீட்டாருக்கும் ஹேண்டோவர் கொடுத்தாள். போனவர்கள் போனவர்கள்தான்.

அப்பேர்ப்பட்டவளிடம் நான் ஒரு விஷயத்தை இரண்டு வருஷம் மறைத்து வைத்திருந்தேன்.

அக்காவுக்கு நாலாம் மாடியில் ஒரு ஃப்ளாட் இருந்தது. லிஃப்ட் கிடையாது. அவள் ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸிலேயே இருந்ததால் கட்டில், சோபா, சாப்பாட்டு மேஜை, அலமாரி எல்லாவற்றோடும் அதை வாடகைக்கு விட்டிருந்தோம். வாடகைக்கு இருந்தவர்களின் தொல்லை, பிளம்பர், எலக்ட்ரீஷியன் எல்லாம் என் தலையில். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில் படுக்கையறைச் சுவர் நனைகிறது என்று போன் வந்தது. மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து கசிவு. மேல்வீட்டுக்காரரோ கதவைப் பூட்டிக்கொண்டு எங்கோ போயிருந்தார். நான் பெயிண்டரைக் கூப்பிட்டு இரண்டு கோட் அடிக்கச் சொன்னேன். ஒரே மாதத்தில் சுவரில் மறுபடியும் ஈரம் ஏறிப் பூசணம் பூத்தது. திரும்ப அடித்தேன், திரும்பப் பூத்தது. கடைசியில் வாடகைக்கு இருந்தவரும் நானுமாக எதிர்ச்சுவரில் நின்ற, கிட்டத்தட்ட கூரை உயர அலமாரியைத் தள்ளிக்கொண்டு வந்து அதன் மேல் சாத்திவிட்டோம். கசிவு என்று அக்காவிடம் முதலிலேயே சொல்லியிருந்ததால், "சரி பண்ணியாச்சா?" என்று கேட்டாள். "ஆச்சுக்கா" என்றேன். முதலில் அது சோம்பேறித்தனம். போகப் போக வெட்கமாக மாறி வாயைக் கட்டிப்போட்டது.

இந்த வருஷம் அக்கா ரிட்டையர் ஆனாள். மாதக் கடைசிக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். வலது முட்டி தேய்ந்துபோய், இனிமேல் மாடி ஏறவே கூடாது என்று அவளோடு வேலை பார்த்த டாக்டரே சொல்லிவிட்டார். என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, தரைத்தளத்தில் ஒரு சின்ன வீடு விலைக்கு வந்தது. ஃப்ளாட்டை விற்றால் அதை வாங்கலாம். அந்த வீட்டுக்காரர் திங்கட்கிழமைதான் கெடு என்றார். அதற்குள் அட்வான்ஸ் வராவிட்டால் வேறு பார்ட்டி தயார்.

வாடகைக்கு இருந்தவர் காலி செய்திருந்த ஃப்ளாட்டுக்கே, சனிக்கிழமை காலை அதை வாங்குகிறவர் அக்ரிமெண்ட் எழுத வந்தார். கையெழுத்துப் போட வேண்டுமே என்று அக்காவும் அந்த முட்டியோடு நாலு மாடி ஏறி வந்திருந்தாள். சிறிய அச்சகம் நடத்துகிறவர், கட்டை விரல் நகத்தில் மை போகவே போகாது போலிருக்கிறது. கூடவே அதிகம் பேசாத மனைவி. இரண்டு போன்களோடு புரோக்கர். ஃப்ளாட்டின் விலை ஏற்கெனவே பேசி முடிந்திருந்தது. மீதி இருந்தது உள்ளே கிடந்த சாமான்கள்தான்.

அச்சகக்காரர் சாப்பாட்டு மேஜை முன் உட்கார்ந்து உடம்பை அப்படியும் இப்படியும் அசைத்தார்.

"நாற்காலி ஆடுதே?"

"ஒண்ணு இல்லைங்க, ரெண்டு ஆடும்" என்றாள் அக்கா. "சன்னல் பக்கம் இருக்கறது கால் ஒடிஞ்சு ஒட்டினது. அதுல கனமானவங்க உட்காரக் கூடாது."

மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன். "ஏண்டா மிதிக்கிற?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவளுக்காகத்தான் நான் தொண்டை வறளப் பேசிக்கொண்டிருக்கிறேன். சோபாவுக்கு ஒரு விலை சொன்னால், "உள்ளே ஸ்பிரிங் ஒண்ணு குத்தும்" என்கிறாள். கட்டிலைச் சொன்னால், "நடுப்பலகை புதுசு, மத்தது பழசு" என்கிறாள். அச்சகக்காரர் ஒவ்வொன்றுக்கும் விலையைக் கீழே இழுக்க, நான் மேலே இழுக்க, அந்த ஆடுகிற நாற்காலிகளுக்கே அரை மணி நேரம் போனது. அவர் மனைவி எழுந்து வீட்டைச் சுற்றிப் பார்க்கப் போனார்.

"அப்புறம் உள்ள ஒரு அலமாரி நிக்குதே, அது எங்களுக்கு வேண்டாம். எங்ககிட்ட பீரோ இருக்கு" என்றார் அச்சகக்காரர். "அதை நீங்களே எடுத்துக்கங்க."

அக்கா முகம் மலர்ந்தது. "நல்லதாப் போச்சு. அதை மட்டும் நானே கேக்கணும்னு இருந்தேன். முதல் புரமோஷன்ல வாங்கினது. புது வீட்டுக்குக் கொண்டுபோயிடறேன்."

இரண்டு வருஷமாக எத்தனையோ யோசித்தவன், அவளுக்கே அந்த அலமாரி வேண்டியிருக்கும் என்று யோசிக்கவே இல்லை.

"வேண்டாம், வேண்டாம்!" என்றேன். "அது இங்கயே இருக்கட்டும். உங்களுக்கு சும்மாவே குடுத்துடறோம்."

அச்சகக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏங்க, ஒரு ஆடற நாற்காலிக்கு அரை மணி நேரம் மல்லுக்கட்டினீங்க. தேக்கு அலமாரியை சும்மா தர்றேங்கறீங்களே?"

"அது வாசல்ல நுழையாதுங்க."

"வந்தப்ப நுழைஞ்சுதே?" என்றாள் அக்கா.

"அந்த ரூமுக்கே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கும்மா, இருந்துட்டுப் போகட்டுமே" என்று புரோக்கர் குறுக்கே விழுந்தார். அவருக்கு விஷயம் தெரியும்.

அப்போது படுக்கையறையிலிருந்து இருமல் கேட்டது. வறட்டு இருமல், முடிவில் விசில் மாதிரி ஒரு இழுப்பு. அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன். அந்த அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து இன்ஹேலரை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"எத்தனை வருஷமா இருக்கு?" என்று கேட்டபடியே அக்கா அவர் முதுகில் கை வைத்தாள்.

"சின்ன வயசுலேருந்து. இப்ப இருக்கற வீட்ல ஒரே ஈரம். வீட்டை மாத்துங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இது நல்லாக் காய்ஞ்ச வீடுன்னு உங்க தம்பி சொன்னாரு. அதனாலதான் இவர் சரின்னாரு."

சொல்லியிருந்தேன். போன வாரம், சிரித்த முகத்தோடு.

அக்கா காற்றை முகர்ந்து பார்த்தாள். கட்டுப் பிரிக்கும் முன்பே உள்ளே புண் எப்படி இருக்கிறது என்று சொல்கிற மூக்கு அது. அலமாரிக் கதவைத் திறந்து, கையை உள்ளே விட்டுப் பின்பலகையைத் தடவினாள். கையை வெளியே எடுத்து விரல்களைத் தேய்த்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"தம்பி, இதை நகர்த்து."

"அக்கா, ஒரு நிமிஷம் இப்படி வாயேன்."

சமையலறைக்குள் இழுத்துக்கொண்டுபோய்க் கதவைச் சாத்தினேன்.

"திங்கட்கிழமைக்கா. இன்னிக்கு விட்டா அந்த வீடு போயிடும். இந்த முட்டியை வெச்சுக்கிட்டு எங்க போவ? கையெழுத்து மட்டும் ஆகட்டும். அப்புறம் நானே என் கைக்காசு போட்டுச் சரி பண்ணிக் குடுத்துடறேன்."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம்."

"ஆச்சுன்னு சொன்னியே?"

"சொன்னேன். பெயிண்ட் மட்டும்தான் அடிச்சேன்."

அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கத்தவில்லை. "அவங்க தலைமாட்டுலடா இது இருக்கப்போகுது" என்று மட்டும் சொன்னாள். கதவைத் திறந்துகொண்டு போனாள்.

நான் வருவதற்குள் அலமாரியின் பக்கவாட்டில் தன் தோளைக் கொடுத்துத் தள்ள ஆரம்பித்திருந்தாள். அந்த முட்டியோடு. பார்க்கப் பொறுக்காமல் நானும் போய்க் கை கொடுத்தேன். ஒன்றும் புரியாத அச்சகக்காரரும் கை கொடுத்தார். தரையைக் கீறிக்கொண்டு அலமாரி நகர்ந்தது. கூரையிலிருந்து இடுப்பு உயரம்வரை சுவர் கரும்பச்சையாகப் பூத்து, சுண்ணாம்பு உப்பி நின்றது. இரண்டு வருஷத்தில் இவ்வளவு பரவியிருக்கும் என்று எனக்கே தெரியாது. அச்சகக்காரர் விரலால் தொட, ஒரு பொருக்கு அப்படியே உதிர்ந்தது.

அக்கா நிமிர்ந்து நின்றாள். வார்டில் கட்டில் பக்கத்தில் நிற்பதுபோலத்தான் நின்றாள். "மேல்வீட்டு பாத்ரூம் பைப்புலேருந்து கசிவு. ரெண்டு வருஷமா இருக்கு. மேலாக பெயிண்ட் அடிச்சதைத் தவிர வேற எதுவும் செய்யலை. பைப்பை மாத்தாம இது நிக்காது. உங்க வீட்டம்மாவுக்கு இந்த ரூம் ஆகாது. மறைச்சது எங்க தப்பு."

'எங்க' என்றாள். அந்த ஒரு சொல்லுக்குப் பதில் அவள் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

அச்சகக்காரர் புரோக்கரைத் திட்டினார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "காய்ஞ்ச வீடுன்னு வாய் கூசாம சொன்னீங்களே, நீங்கல்லாம் மனுஷங்களா?" அவர் மனைவி வாசல்வரை போய்த் திரும்பி வந்து, அக்காவின் கையை ஒரு தரம் அழுத்திவிட்டுப் போனார்.

"சிஸ்டரம்மா, உங்களைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு ஒரு பழைய சைக்கிளைக்கூட விக்க முடியாது" என்றபடி புரோக்கரும் இறங்கிப் போனார்.

திங்கட்கிழமை வந்தது, தரைத்தள வீடு வேறு பார்ட்டிக்குப் போனது. மாதக் கடைசியும் வந்தது. ஃப்ளாட் இன்னும் விலை போகவில்லை. பார்க்க வருகிறவர்களை நான்தான் அழைத்துப் போகிறேன். முதலில் அந்தச் சுவரைக் காட்டிவிட்டுத்தான் மற்றதைக் காட்ட வேண்டும் என்பது அக்காவின் உத்தரவு. முக்கால்வாசிப் பேர் அங்கிருந்தே திரும்பிவிடுகிறார்கள்.

வாடகைக்குத் தரைத்தளம் கிடைக்கும்வரை என்று சொல்லி அக்காவை என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். என் வீடு இரண்டாம் மாடி. சாமான்கள் முன்னாலேயே வந்துவிட்டன, அலமாரியும் வந்துவிட்டது. அக்கா சாயங்காலம் வந்தாள். படியில் அவள் காலடி கேட்டது. ஒரு படி, நிறுத்தம், ஒரு படி, நிறுத்தம். எந்தக் காலுக்காக நான் பொய் சொன்னேனோ அந்தக் கால்தான். ஒரு வார்த்தை திட்டமாட்டாளா என்று இத்தனை நாளாக ஏங்கிக்கொண்டிருந்தேன். வழக்கமான அந்த இரண்டு நாள் மௌனம்கூட இல்லை, எப்போதும்போலத்தான் பேசினாள்.

கீழே ஓடினேன். முதல் மாடி வளைவில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றிருந்தாள். முகமெல்லாம் வியர்வை. நான் நீட்டிய கையைப் பார்த்துவிட்டு, படியின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அது ஆடியது. இரண்டு தரம் அசைத்துப் பார்த்தாள்.

"இது ஆடுதே. இங்க யார்கிட்ட சொல்லணும்?"

"அசோசியேஷன் செக்ரட்டரிகிட்டக்கா. நீ விடு, நான் நாளைக்கே சொல்லி சரி பண்ண வெச்சுடறேன்."

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். கோபமே இல்லை.

"அவர் வீடு எதுன்னு மட்டும் சொல்லு. நானே சொல்லிக்கறேன்" என்றாள்.