தெருக்குத்து வீடு

கொல்லத்துக்கு ரயில் ஓடத் தொடங்கியிருந்த காலம். பாளையங்கோட்டையில் வீடு வாங்கிப் போட்டவன் பிழைத்தான் என்று வாயுள்ளவர்களெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கோர்ட்டும் பள்ளிக்கூடங்களும் அங்கேதான் இருந்தன. குடியிருக்க வீடு கிடைக்காமல் உத்தியோகஸ்தர்கள் அலைந்தார்கள். கோர்ட்டுக் குமாஸ்தாவான நான் ஆற்றுக்கு அக்கரையில், திருநெல்வேலியில், மாமனார் வீட்டு மாடியில் இருந்தேன். வீட்டோடு மாப்பிள்ளை என்று யாரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. சொல்லாமல் இருந்ததுதான் எரிச்சலாக இருந்தது.

தரகர் ஒரு வீடு காட்டினார். தேக்கு உத்தரம், வற்றாத கிணறு, பாதி விலை. எதிர்த்தெரு நேராக வந்து அதன் வாசலில் முட்டியதால் அந்த விலை.

"குத்து கித்துன்னு பாக்காதீரும் வே. நாளைக்கு இந்தத் தெருவுல வீடு கேட்டு மல்லுக்கட்டுவான்" என்றார் தரகர்.

மனைவியைக் கேட்காமலே வாங்கிவிட்டேன். கேட்டிருந்தால் வாங்கியிருக்க முடியாது.

"தெரு வந்து நெஞ்சுல குத்துத வீட்டுல நான் விளக்கேத்த மாட்டேன். நீங்க வேணும்னா போங்க" என்றாள். நானும் ரோஷக்காரன். படுக்கையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டேன். ஒரு வாரத்தில் பின்னாலேயே வந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

வரவில்லை. புது வீட்டில் முதலில் பால் காய்ச்ச வேண்டியவள் அவள். அதனால் நான் அந்த அடுப்பில் பால் மட்டும் வைக்கவில்லை. ரசமும் சுட்ட அப்பளமுமாகக் காலம் போனது. சாயங்காலமானால் பக்கத்து வீட்டு வேதக்கார வாத்தியார் குடும்பம் கூடி உட்கார்ந்து பைபிள் வாசித்து, பாடி ஜெபிக்கும். சுவருக்கு இந்தப் பக்கம் நான் ஒருவன் ரசத்தை ஊதிக் குடித்துக்கொண்டிருப்பேன். தனிமை என்னைப் பிடித்துத் தின்றது. அந்த வாத்தியார் நல்ல மனுஷன். நல்ல மனுஷர் கேட்கிற கேள்விதான் அதிகம் வலிக்கும்.

"அண்ணாச்சி, வீட்டுல எப்ப வாராங்க?"

"அடுத்த மாசம்" என்பேன். மாதா மாதம் அதையே சொன்னேன்.

கடைசியில் ஊர் வழக்கப்படி, தெரு முட்டுகிற இடத்தில் வெளிச்சுவரில் மாடம் வெட்டிப் பிள்ளையார் வைத்தேன். அவர் இருந்தால் குத்து கழியும், அவளுக்கும் மனம் இளகும் என்று நம்பினேன். செய்தி சொல்லி அனுப்பினேன். "பாப்போம்" என்று பதில் வந்தது. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மழைக்காலத்தையே ஓட்டினேன்.

அதற்குள் பிள்ளையார் பெயரெடுத்துவிட்டார். யாரோ ஒருவர் கோர்ட்டுக்குப் போகும் வழியில் தேங்காய் உடைத்திருக்கிறார், வழக்கு ஜெயித்திருக்கிறது. அவ்வளவுதான். வழக்குக்காரர்கள், பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் என்று காலையில் என் வாசலில் ஒரே கூட்டம். நான் கதவைத் திறந்து வெளியே வர அவர்களிடம் வழி கேட்க வேண்டியிருந்தது.

விற்றுவிட்டு அக்கரையிலேயே வேறு வீடு பார்க்கலாம் என்று தரகரைப் பிடித்தேன். அவர் சிரித்தார்.

"தெருவே விலை ஏறிக் கெடக்கு. உம்ம வீட்ட மட்டும் எவனும் கேக்க மாட்டான். ஊரே கும்பிடுத சாமிய எவன் பேத்து எடுப்பான்? எடுக்காமயும் எவன் குடியிருப்பான்?"

அடுத்து வந்த சதுர்த்தியன்று அவளே வந்தாள். முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தாள். வீட்டைக் கழுவி, கோணலாக ஒரு கோலம் போட்டு, பசும்பால் வாங்கி வைத்துக் காத்திருந்தேன். வண்டியை விட்டு இறங்கினாள். நன்றாக இளைத்திருந்தாள். தேங்காய் உடைத்தாள், கண்ணை மூடி வெகுநேரம் நின்றாள்.

"உள்ள வா. பால் வாங்கி வச்சிருக்கேன். நீதான் காய்ச்சணும்" என்றேன். என் குரல் எனக்கே கேவலமாக இருந்தது.

திறந்திருந்த கதவு வழியாக உத்தரத்தையும் முற்றத்தையும் ஆசையாகத்தான் பார்த்தாள்.

"வீடு நல்லா இருக்கு. ஆனா இது கோயிலால்லா ஆயிப் போச்சு. மாசத்துல மூணு நாளு நான் எங்கன போய் ஒதுங்குவேன்? தீட்டோட இந்தச் சாமிக்குப் பின்னால எப்படிப் படுப்பேன்?"

ஒரு தேங்காய் மூடியை என் கையில் கொடுத்தாள். "உடம்பப் பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள்.

வண்டி தெருக்கோடியில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். களக்காட்டுப் பக்கத்திலிருந்து வழக்குக்காக வந்த விவசாயி ஒருவர் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். கையில் தேங்காய் மூடியோடு நின்ற என்னைக் கும்பிட்டார்.

"பூசாரி ஐயா, நேரமாயிட்டு. கொஞ்சம் துன்னூறு தாங்க."

மாடத்திலிருந்து திருநீறு எடுத்துக் கொடுத்தேன்.